வீட்டுக்குள் ஒளிந்திருந்த லத்தீன்

ஜப்பானின் மேற்குக் கோடியில், நாகசாகி மாநிலத்தில், இகித்சுகி என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. மீன்பிடி ஊர். ஒருகாலத்தில் திமிங்கில வேட்டைக்கும் பேர்போனது. அந்தத் தீவின் சில வீடுகளில், குறிப்பிட்ட நாட்களில் ஆண்கள் கூடி, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் புத்தகம் எதுவும் இல்லாமல், அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓர் ஓதலைச் சொல்வது வழக்கம். அதற்கு ஒராஷோ என்று பெயர். ஜெபம் என்று பொருள்படும் 'ஒராத்சியோ' என்ற லத்தீன் சொல் ஜப்பானிய வாய்களில் புழங்கித் தேய்ந்து ஒராஷோ ஆனது.

ஓதலின் பெரும்பகுதி பழைய ஜப்பானிய மொழியில் இருக்கிறது. நடுநடுவே போர்த்துகீசியச் சொற்கள் தலைகாட்டுகின்றன. கடைசியில் மூன்று துண்டுகளை மட்டும் பாட்டாகப் பாடுவார்கள். ராவோதாத்தே, நாஜோ, குருயோசா என்பவை அந்த மூன்றின் பெயர்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று பாடுகிறவரைக் கேட்டால், தெரியாது என்பார். அப்பா சொல்லிக்கொடுத்தார், அப்பாவுக்குத் தாத்தா சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

மினாகவா தத்சுவோ என்ற இசை ஆய்வாளர் இந்தப் பாட்டுகளின் வேரைத் தேடிப் போனார். ஐரோப்பிய மத்தியகால இசையில் தேர்ந்தவர் அவர். முதல் இரண்டும் சீக்கிரமே பிடிபட்டன. ராவோதாத்தே, 'லௌதாத்தே தோமினும்' என்று தொடங்கும் லத்தீன் சங்கீதம். நாஜோ, 'நுங்க் திமித்திஸ்' என்ற சிமியோனின் பாடல். மூன்றாவதான குருயோசாதான் சிக்கல். சொற்களை வைத்துப் பார்த்தால் அது 'ஓ குளோரியோசா தோமினா' என்ற மரியன்னைப் பாடல் என்று தெரிகிறது. மெட்டு மட்டும் உலகம் முழுக்கத் திருச்சபை பாடும் மெட்டோடு ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய நூலகங்களில் வருஷக்கணக்காகத் தேடியவருக்குக் கடைசியில் மாட்ரிட்டில் விடை கிடைத்தது. 1553-இல் ஸ்பெயினில் அச்சான ஒரு புத்தகத்தில் இருந்த அந்த மெட்டு, ஐபீரிய வட்டாரத்தில் மட்டும் புழங்கியது. பிறந்த இடத்தில் மறந்துபோன ஒரு பாட்டு, உலகத்தின் இன்னொரு முனையில், அதன் மொழி தெரியாத மீனவர்களின் வாயில் உயிரோடு இருந்திருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியத்தைவிட ஒரு கேள்விதான் பெரிதாக நின்றது. கோயில் கிடையாது, சாமியார் கிடையாது, அச்சடித்த ஜெபப் புத்தகம் கிடையாது. மாட்டிக்கொண்டால் உயிர் போகும். இந்த நிலையில் 250 வருஷம், தங்களுக்கே புரியாத மொழியில் ஒரு ஜெபத்தை வீட்டுக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், எதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்?

கதையின் தொடக்கம் ஜப்பானில் இல்லை. நம்ம ஊர்க் கடற்கரையில் இருக்கிறது.

*

பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கினார். அந்த வருஷக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால்தான் அங்கே ஏறத்தாழ 20,000 பரதவர்கள் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். ஞானஸ்நானம் ஆனதே தவிர, யாரும் அவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்கள் யார் என்று கேட்டால் கிறிஸ்தவர் என்பார்கள், அதற்குமேல் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சவேரியார் தூத்துக்குடியிலிருந்து எழுதினார்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டிவைத்துக்கொண்டு, பல நாள் பாடுபட்டு, அடிப்படை ஜெபங்களைத் தமிழாக்கினார். விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், பத்துக் கட்டளைகள் எல்லாம் தமிழாகின. அப்புறம் அவற்றை அப்படியே மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தான் மனப்பாடம் செய்ததைச் சொல்லி, அவர்களையும் திருப்பிச் சொல்லவைத்தார். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புரியாமல் சொல்கிறவர் ஆசிரியர். புரிந்து கேட்கிறது பிள்ளைகள் கூட்டம். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் எத்தனை தடவை சிரித்திருப்பார்கள் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம். தமிழை ஒலியாக மட்டும் மனப்பாடம் செய்து ஜெபித்த ஒரு மனிதர்தான் பிறகு ஜப்பானுக்குப் போனார்.

அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிள்ளைகளைத்தான் சவேரியார் முழுக்க நம்பினார். கற்றுக்கொண்டதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும், வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களை அனுப்பினார். தன்னால் போகமுடியாத நோயாளி வீடுகளுக்கும் பிள்ளைகளே போய் ஜெபம் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு ஒரு குட்டி உபதேசியார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் அவரே எழுதியிருக்கிறார். பெற்றோர் பழைய தெய்வங்களுக்குப் பூசை செய்தால் பிள்ளைகள் அவர்களைக் கண்டித்தார்கள். அவரிடம் வந்து சொன்னார்கள். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பிள்ளைகள் சிலைகளை உடைத்தார்கள், மிதித்தார்கள். இதை அவர் பெருமையோடு எழுதுகிறார். எனக்கு அதைப் படிக்கும்போது பெருமை வரவில்லை. குழந்தை வழியாக ஒரு மதம் வீட்டுக்குள் நுழையும்போது, அந்த வீட்டுக்குள் இருந்த ஒன்று குழந்தையின் கையாலேயே உடைபடுகிறது. ஜெபத்தைக் கற்ற பிள்ளை, வேவு சொல்கிற பிள்ளையாகவும் ஆகிறது. பின்னால் ஜப்பானில் இதே விஷயம் தலைகீழாகத் திரும்புவதைப் பார்ப்போம்.

முத்துக்குளித்துறையின் வழி, மொழிபெயர்ப்பு வழி. 1554-இல் லிஸ்பனில், தமிழ் ஜெபங்களை ரோமன் எழுத்தில் அச்சடித்த ஒரு சிறு புத்தகம் வந்தது. 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. தலைப்பைக் கவனியுங்கள். கடவுளுக்கு 'தம்பிரான்' என்று ஏற்கெனவே இங்கே புழங்கிய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் தமிழாக்க முடியவில்லை என்பதும் உண்மை. பரிசுத்த ஆவி நெடுங்காலம் 'இஸ்பிரீத்து சாந்து'வாகவே இருந்தார். பூசைக்கு 'மிஸ்ஸா' என்ற லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டால், அது தமிழ்க் காதில் மீசை என்றுதான் விழும். ஞாயிற்றுக்கிழமை மீசைக்குப் போனேன் என்று எவனாவது சொல்வானா?

*

சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். உடன் வந்தவர்களில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரும் ஒருவர். கொலைப்பழியோடு ஊரைவிட்டு ஓடிவந்து, மலாக்காவில் சவேரியாரைச் சந்தித்து, கோவாவில் ஞானஸ்நானம் வாங்கியவர். முத்துக்குளித்துறையில் செய்ததையே இங்கேயும் செய்தார்கள். அஞ்சிரோ மொழிபெயர்க்க, சவேரியார் அதை எழுதி வாசித்தார்.

கடவுள் என்பதற்கு அஞ்சிரோ எடுத்துக்கொடுத்த சொல் 'தைனிச்சி'. ஷிங்கொன் பௌத்தத்தில் அது மகாவைரோசன புத்தரின் பெயர். இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் தைனிச்சியை வணங்குங்கள் என்று சொன்னால், ஜப்பானியருக்கு அதில் என்ன அதிசயம்? பௌத்தமே இந்தியாவிலிருந்து வந்ததுதானே. இவர் இன்னொரு பௌத்தப் பிரிவுக்காரர் என்று நினைத்தார்கள். ஷிங்கொன் துறவிகள் அன்பாக வரவேற்றார்கள். நடந்தது என்ன என்று சவேரியாருக்குப் புரிந்தபோது, தைனிச்சியைக் கும்பிடாதீர்கள் என்று தெருவில் நின்று சொல்லவேண்டியதாயிற்று. அதன்பிறகு 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே பயன்படுத்தினார். எதிராளிகள் சும்மா விடுவார்களா? 'தேயுசு' என்பதை 'தைஊசோ' என்று திரித்தார்கள். ஜப்பானியத்தில் அதற்குப் 'பெரும்பொய்' என்று அர்த்தம்.

கேலி ஒருபக்கம் இருந்தாலும், இந்த அடியிலிருந்து ஒரு கொள்கை பிறந்தது. 1555-இல் பல்தசார் காகோ என்ற இயேசு சபைக்காரர், ஆபத்தான பௌத்தச் சொற்கள் ஐம்பதுக்கும் மேல் இருப்பதாகச் சொல்லி, அவற்றுக்குப் பதில் லத்தீன், போர்த்துகீசியச் சொற்களையே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆன்மா 'அனிமா'வாகவே நின்றது. அருள், 'கிராத்சியா' என்பதிலிருந்து 'கராசா' ஆனது. மனஸ்தாபம் 'கொன்சிரிசான்' ஆனது.

1580-இல் அரிமாவிலும் அசுச்சியிலும் சிறுவர்களுக்கான குருமடப் பள்ளிகள் திறந்தன. அங்கே ஜப்பானியப் பையன்கள் லத்தீன் படித்தார்கள், பாட்டும் கற்றார்கள். அங்கிருந்து போன நான்கு பையன்கள் 1585-இல் ரோமில் போப்பைப் பார்த்தார்கள். 1590-இல் திரும்பி வரும்போது அவர்களோடு ஓர் அச்சு இயந்திரமும் வந்தது. 1592-இலும் 1600-இலும் ஜெபங்களும் ஞானோபதேசமும் அடங்கிய 'தொச்சிரினா கிரிஷித்தான்' அச்சானது. 1614-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜப்பானில் ஏறத்தாழ 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

*

பிறகு எல்லாம் முறிந்தது. 1587-இல் ஹிதெயோஷி பாதிரிமார்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அதில் லூயிஸ் இபராகி என்ற பையனுக்கு 12 வயது. வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அந்த 26-இல் ஒருவர். 1614-இல் நாடு முழுக்கத் தடை வந்தது. 1637–38 ஷிமாபாரா கலகத்துக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியது. 1644-இல், நாட்டில் எஞ்சியிருந்த கடைசிச் சாமியாரான கொனிஷி மன்ஷோ கொல்லப்பட்டார். எண்டோ ஷுசாகுவின் 'மௌனம்' நாவலையோ, அதை வைத்து ஸ்கோர்செஸி எடுத்த படத்தையோ பார்த்தவர்களுக்கு இந்தக் காலம் பரிச்சயம். நாவல் சாமியார்களின் கதை. சாமியார்கள் எல்லோரும் செத்த பிறகு என்ன நடந்தது என்பது வேறு கதை. அது வீடுகளின் கதை.

அரசாங்கத்தின் கண் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீட்டில் கிறிஸ்தவர் பிடிபட்டால் மற்ற வீடுகளுக்கும் தண்டனை. காட்டிக்கொடுத்தால் வெள்ளிக்காசு என்று தெருமுனையில் பலகை வைத்திருந்தார்கள். நாகசாகிப் பக்கம் ஒவ்வொரு வருஷமும் ஏசுவின், மாதாவின் உருவம் பதித்த பலகையை மிதித்துக் காட்ட வேண்டும். சாவு விழுந்தால் பௌத்தத் துறவிதான் வந்து சூத்திரம் ஓதுவார். அவர் ஓதிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அறையிலோ அடுத்த வீட்டிலோ சிலர் உட்கார்ந்து, அந்த ஓதலின் பலனை அழிக்க ஒராஷோ சொல்வார்கள்.

சாமியார் இல்லாமல் திருச்சபை நடத்த அந்த விவசாயிகளும் மீனவர்களும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பொதுவாக நாள்காட்டியைக் காப்பவர் ஒருவர், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவர், சேதி சொல்கிறவர் ஒருவர். பஸ்தியான் என்ற உள்ளூர் உபதேசியார் விட்டுப்போனதாகச் சொல்லப்படும் 1634-ஆம் வருஷ நாள்காட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் எப்போது, பாஸ்கா எப்போது என்று கணக்குப் போட்டார்கள்.

பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. அதற்கும் ஒரு வழி இருந்தது. சாமியார் கிடைக்காதபோது உத்தம மனஸ்தாபத்தால் மன்னிப்புப் பெறுவது எப்படி என்று சொல்லும் ஒரு சிறு நூல் 1603-இலேயே வந்திருந்தது. அதைக் கையால் நகலெடுத்து வைத்திருந்தார்கள். பலகையை மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அந்த மனஸ்தாப ஜெபத்தைச் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் மிதிப்பது, ஒவ்வொரு வருஷமும் மனம் வருந்துவது. இப்படியே ஆறேழு தலைமுறை.

இப்போது பிள்ளைகளிடம் வருவோம். முத்துக்குளித்துறையில் பிள்ளைகள் வெளியே கற்று வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே வீட்டுக்குள் கற்றது வெளியே போகவே கூடாது. ஒரு பிள்ளை விளையாடும்போது வாய்தவறி ஒரு வார்த்தை முணுமுணுத்தால் போதும், ஐந்து வீடும் காலி. அங்கே சவேரியார் பிள்ளைகளைப் பேசச் சொன்னார். இங்கே அப்பாக்கள் பிள்ளைகளுக்கு ஜெபத்தோடு மௌனத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சொத்தோமே, கோத்தோ பகுதிகளில் ஒராஷோவை வாய்க்குள்ளேயே சொல்வார்கள். உதடு அசையும், சத்தம் வராது. இகித்சுகியில்தான் வாய்விட்டு ஓதும் வழக்கம் நின்றது, அதனால்தான் மெட்டும் நின்றது.

இகித்சுகியில் ஒராஷோ கற்பதற்கு ஒரு பருவம் உண்டு. தவக்காலத்தை அவர்கள் 'துயர காலம்' என்பார்கள். கற்பிப்பதும் கற்பதும் அந்த நாட்களில்தான். வீட்டின் உள்ளறையில் மறைத்து வைத்த தெய்வப் படம், கிமோனோ போட்ட மாதா. எதிரே பெரியவர் ஒரு வரி சொல்வார், இளையவர் திருப்பிச் சொல்வார். எழுதிக்கொள்ளாமல் காதால் வாங்கவேண்டும் என்பதுதான் பழைய முறை. எழுதிய தாள் வீட்டில் இருந்தால் அது சாட்சி. தலைக்குள் இருப்பதை எந்த அதிகாரியாலும் சோதனை போட்டு எடுக்கமுடியாது.

*

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு ஓர் எரிச்சல் வரும். புரியாமல் சொல்வது ஜெபமா, கிளிப்பிள்ளைப் பேச்சா? அர்த்தம் தெரியாத சத்தத்தைப் பிள்ளையின் வாயில் திணிப்பதில் என்ன இருக்கிறது?

நான் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவன். சாயங்காலம் ஜெபமாலை முடியாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. எங்கள் தாத்தா சின்ன வயதில் பூசை உதவி செய்தவர். அப்போது பூசை முழுக்க லத்தீன். சாமியார் ஒரு வரி சொன்னால் பீடச் சிறுவன் பதில் வரி சொல்ல வேண்டும். தாத்தா அதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து உருப்போட்டவர். எண்பது வயதிலும் ஒரு பிசிறு இல்லாமல் சொல்வார். "அர்த்தம் என்ன தாத்தா?" என்று கேட்டால், "அது சாமிக்குத் தெரியும்லே" என்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்ட பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாகப் பூசை தமிழுக்கு வந்தது.

ஆனால் தமிழில் இருந்தால் மட்டும் எல்லாம் புரிந்துவிட்டதா என்ன? எங்கள் பாட்டி சொன்ன அருள்நிறை மந்திரத்தில் 'பிரியதத்தம்' என்று ஒரு சொல் வரும். 'அர்ச்சியசிஷ்ட' என்று இன்னொன்று வரும். சமஸ்கிருதத்தில் தோய்த்து எடுத்த பழைய கத்தோலிக்கத் தமிழ். பாட்டிக்கு அதன் பொருள் தெரியாது. எனக்கு அது சொல்லாகவே படவில்லை, பாட்டியின் மூச்சுச் சத்தமாகத்தான் காதில் இருக்கிறது. மொழிபெயர்த்த ஜெபமும் இருநூறு வருஷத்தில் இன்னொரு லத்தீன் ஆகிவிடுகிறது. மொழி நகர்கிறது, ஜெபம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இது ஒரு மதத்தின் சங்கதியும் இல்லை. நம் ஊர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் காலையில் ஓதப் போகிறார்கள். அரபி பேசத் தெரியாமலேயே குர்ஆனை முழுக்க ஓதி முடிப்பவர்கள் உண்டு. வேத பாடசாலையில் எட்டு வயதுப் பையன் பொருள் கேட்காமல் சுரம் தவறாமல் சொல்கிறான். ஆனால் இவர்களுக்கும் இகித்சுகிக்காரர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. குர்ஆனுக்குப் பிரதி இருக்கிறது, தப்பாக ஓதினால் திருத்த உஸ்தாத் இருக்கிறார். வேதத்துக்குப் பதம், கிரமம், கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றிச் சொல்லிச் சரிபார்க்கும் முறைகள் இருக்கின்றன. இகித்சுகியில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை. ஒருவர் ஓர் அசையை விழுங்கினால் அந்த அசை அதோடு போயிற்று. அடுத்த தலைமுறைக்கு விழுங்கிய வடிவம்தான் மூல வடிவம். 'குளோரியோசா' குருயோசா ஆனது அப்படித்தான்.

அப்படியிருந்தும் 1553-ஆம் வருஷத்து மெட்டை அடையாளம் கண்டுபிடிக்க முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். புரியாததால்தான் அது பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. புரிந்த சொல்லை மனிதன் தன்னை அறியாமல் திருத்துவான், தன் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வான். புரியாத சொல்லில் கைவைக்க பயம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியாததால் எல்லாமே முக்கியமாகிவிடுகிறது.

*

1865 மார்ச் 17. வெளிநாட்டாருக்காக நாகசாகியின் ஊராவில் புதிதாகக் கட்டிய கோயில். பெர்னார் பெத்திஜான் என்ற பிரெஞ்சுச் சாமியார் கதவருகே ஒரு சிறு கூட்டம் நிற்பதைப் பார்க்கிறார். பக்கத்து உராகாமி கிராமத்துக்காரர்கள். உள்ளே வந்ததும் ஒரு பெண் அருகில் வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று மெல்லச் சொல்லிவிட்டு, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்கிறார்.

இது பல இடங்களில் சொல்லப்பட்ட கதை. என்னை உலுக்கியது அதற்கு அடுத்து வருவதுதான். இன்றைக்குத் துயர காலத்தின் பதினேழாம் நாள், நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்று அவர்கள் சாமியாரைக் கேட்டார்கள். அந்த வருஷம் சாம்பல் புதன் மார்ச் 1. மார்ச் 17, தவக்காலத்தின் பதினேழாம் நாள்தான். கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

இதோடு படம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்தது அப்படியில்லை. தடை இன்னும் சட்டத்தில் இருந்தது. 1867 முதல் உராகாமியில் கைதுகள் தொடங்கின. 3,300-க்கும் மேற்பட்டவர்கள் பல பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அதில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1873-இல்தான் தடைப் பலகைகள் இறங்கின. திரும்பிவந்து கோயில் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தலைக்குமேல் 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு விழுந்தது. உராகாமியின் 12,000 கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் செத்தார்கள்.

இன்னொரு பிளவும் நடந்தது. அதில் ரத்தம் இல்லை, அதனால் யாரும் படம் எடுக்கவில்லை. திரும்பிவந்த திருச்சபை, ஒளிந்திருந்தவர்களின் ஞானஸ்நானம் செல்லுமா என்று ஆராய்ந்தது. ஜெபங்களைத் திருத்தியது. பெத்திஜான் ஓரளவு நுட்பமானவர். புதிய ஜெபப் புத்தகங்களில் அந்த மக்கள் காத்துவைத்த பழைய சொற்களையே பயன்படுத்தினார். ஆனாலும் வீட்டு உள்ளறையில் இருந்த கிமோனோ மாதாவை விடச் சொன்னார்கள், பௌத்தப் பீடத்தை அகற்றச் சொன்னார்கள். பலர் சேர்ந்தார்கள். பலர் சேரவில்லை. இகித்சுகியில் பெரும்பாலோர் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? அவர்கள் காத்திருந்தது இந்தச் சாமியார்களுக்காகத்தானே? ஏழு தலைமுறை கழித்துக் கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர் வருவார் என்று பஸ்தியான் சொல்லிப்போனதாக ஒரு வாக்கு மறைந்த கிறிஸ்தவர்கள் சிலரிடையே இருந்தது. கப்பல் வந்தது, சாமியார் வந்தார். வந்தவர், நீ சொல்வது தப்பு, சரியானது இது என்றார்.

சரியானது என்பது லத்தீனுக்குச் சரியானது. அவர்களுக்கு அந்த ஜெபம் லத்தீன் இல்லை. அது அப்பா. அப்பா செத்துப்போவதற்கு முன்னால் துயர காலத்து இரவுகளில் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சத்தம். அதைச் சொன்னதற்காகப் பாட்டனாரின் பாட்டனார் நாக்காயே தீவின் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறார். அந்தத் தீவுப் பாறையில் கசியும் தண்ணீரைத்தான் ஞானஸ்நானத்துக்கு எடுத்தார்கள். அந்தச் சத்தத்தைத் திருத்துவது என்றால், அவர்கள் உயிரைக் கொடுத்தது பிழையான ஒரு சத்தத்துக்காக என்று ஒப்புக்கொள்வது. திருச்சபையின் பக்கம் நின்றால் இது பிடிவாதம். உள்ளறையில் உட்கார்ந்து பார்த்தால் இது நன்றிக்கடன். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் மனம் உள்ளறைப் பக்கமே சாய்கிறது.

இப்போது நான் முதலில் கேட்ட கேள்விக்கு என்னளவில் ஒரு பதில் சொல்லலாம். அந்த வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மொழியும் இல்லை, வேதசாத்திரமும் இல்லை. "இதை உன்னிடம் கொடுக்கிறேன், நீ இதைக் கீழே போடாதே" என்ற ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சொற்கள் அதற்கு ஒரு பாத்திரம். பாத்திரம் நசுங்கியது, பூச்சு போனது. உள்ளே இருந்தது சிந்தவில்லை.

*

2018-இல் யுனெஸ்கோ, நாகசாகிப் பகுதியின் மறைந்த கிறிஸ்தவர்கள் தொடர்பான 12 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரா கோயில் இருக்கிறது, கிராமங்கள் இருக்கின்றன, நாக்காயே தீவு இருக்கிறது. இகித்சுகி அதில் இல்லை. கல்லையும் நிலத்தையும் பட்டியலில் சேர்க்கலாம், வாயில் இருப்பதை எப்படிச் சேர்ப்பது?

வாளுக்குத் தப்பியது இப்போது வேலைவாய்ப்பிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. தீவில் பிள்ளைகள் குறைவு. படித்தவர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். ஒராஷோவை முழுக்கச் சொல்லத் தெரிந்தவர்கள் வயதானவர்கள், அவர்களும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். ஒரு கூட்டம் ஓதுவதை நிறுத்தும்போது உள்ளறைப் படங்களைத் தீவின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே கண்ணாடிக்குள் மாதா இருக்கிறாள். ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தடை இருந்தவரை ஒவ்வொரு அப்பாவுக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் சொல்லிக்கொடுக்காவிட்டால் இது என்னோடு செத்துப்போகும் என்ற பயம் அது. தடை போனதும் பயம் போனது. பயத்தோடு அவசரமும் போனது. ஒலிப்பதிவு இருக்கிறது, ஆய்வு நூல்கள் இருக்கின்றன, எங்கே போய்விடப்போகிறது என்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில்தான் நம் வீடுகளிலும் நிறைய விஷயங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. தாலாட்டு, ஒப்பாரி, கடலில் பாடும் அம்பா என்று எதையெல்லாமோ பதிவுசெய்து வைத்திருக்கிறோம்.

ஒராஷோவின் பதிவுகளை இணையத்தில் இன்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். கரகரத்த கிழக்குரல்கள், அலைபோல ஏறி இறங்கும் சீரான ஓட்டம், கடைசியில் அந்த மூன்று பாட்டுகள். குரல் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒன்று மட்டும் அதில் கிடையாது. ஒரு வரி முடிந்ததும் நிறுத்திவிட்டு, எதிரே இருக்கிற பிள்ளையைப் பார்த்து, "எங்கே, இப்போ நீ சொல்லு" என்று அந்தக் குரல் கேட்பதில்லை.